அக்கா பார்க்காத முள்

விமானம் ஓட்ட முதலில் ஆசைப்பட்டவள் அக்காதான். அவளைப் பார்த்துத்தான் தங்கையும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். ஆனால் பெரிய விமான நிறுவனத்தின் தேர்வில் அக்கா இரண்டு முறை கோட்டைவிட்டாள். தங்கை முதல் தடவையே தேறிவிட்டாள். சேதி வந்த நாளிலிருந்து அக்காவுக்கு வயிறு எரிந்தது. வாய் மட்டும் வாழ்த்தியது.

அன்று காலை பள்ளியின் நாலு இருக்கை விமானத்தில் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது அக்கா. புதுச் சீருடைக்கு அளவு கொடுத்த கதையைத் தங்கை சொல்லச் சொல்ல, அக்கா ஜன்னலுக்கு வெளியே மேகத்தை முறைத்துக்கொண்டு வந்தாள்.

திடீரென்று தங்கை பேச்சை நிறுத்தினாள். சற்று நேரம் கழித்து, "அக்கா, அந்த ஆம்மீட்டரைக் கொஞ்சம் பாரேன்," என்றாள்.

மின்னோட்டம் காட்டும் அந்த முள் மைனஸ் பக்கம் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கைவிட்டுவிட்டது; பேட்டரியில் மிச்சமிருப்பதைத் தின்றுதான் ரேடியோவெல்லாம் ஓடுகிறது.

"எப்போலேர்ந்து?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"நான் எது சொன்னாலும் நீ எரிஞ்சு விழற. நீயே பார்த்துடுவேன்னு இருந்தேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சண்டைக்கு நேரமில்லை. ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். ஊஹூம். மின்கோளாறில் வெளியே துள்ளியிருந்த பிரேக்கர் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினாள், மறுபடி துள்ளியது. இனி அதைத் தொடக்கூடாது, தீப்பிடிக்கலாம். விளக்குகள், இரண்டாவது ரேடியோ என்று ஒவ்வொன்றாக அணைத்தாள். எஞ்சினின் தீப்பொறிக்குப் பேட்டரி வேண்டாம், அதனால் அது நிற்காது. ஆனால் இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் ஃபிளாப்புகள் மின்சாரத்தில்தான் அசையும். அவற்றை நம்ப முடியாது.

"நீ கன்ட்ரோல் டவர்கிட்ட பேசு."

தங்கை பேசினாள். நிலைமை, தூரம், ரேடியோ செத்துப்போனால் இறங்கலாம் என்பதற்குப் பச்சை விளக்கு காட்டுங்கள் என்ற வேண்டுகோள், எல்லாம் பதறாமல். இந்தக் குரலுக்குத்தான் வேலை கிடைத்திருக்கிறது என்று அந்த நேரத்திலும் அக்காவுக்குப் பொறாமை பொங்கியது.

பாதி வழியில் ரேடியோ கரகரத்து ஓய்ந்தது. ஓடுதளம் நெருங்கியபோது டவரிலிருந்து பச்சை ஒளி வந்தது. ஃபிளாப் இல்லாமலே அக்கா தாழ்வாக, நீளமாக வந்து, வழக்கத்தைவிட வேகமாகவே சக்கரங்களைத் தரையில் வைத்தாள். முக்கால்வாசி தளத்தைத் தின்ற பிறகுதான் விமானம் நின்றது.

பள்ளியின் மெக்கானிக் ஓடி வந்தார். "சின்னவ பேசுனத டவர்ல ஆகா ஓகோங்கிறாங்க!"

"நான் சும்மா பேசினேன். இறக்கினது அக்கா," என்றாள் தங்கை.

பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொள்கிறாளே என்று அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. விமானத்தின் பழுதுப் புத்தகத்தை மெக்கானிக்கிடம் வாங்கி, தன் தவறையே அழுத்தி எழுதினாள்: 'விமானி கவனிக்கவில்லை. உடன் வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.'

தங்கை எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் எதுக்குக்கா எழுதற?"

"நடந்தது அதுதானே. இனிமே கண்ணுல பட்டா உடனே சொல்லித் தொலை. நான் கத்தினாலும் சொல்லு."

பொறாமை அதோடு போய்விடவில்லை. அந்த வாரமே அக்கா மூன்றாவது முறையாகத் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். தங்கையிடம் மூச்சுவிடவில்லை.