தவளைப் படத்துக்கு வயலின்

"இந்தப் படத்துல வசனம் ரொம்பக் குறைவு. தவளை பேசாது. அது நெனைக்கிறதெல்லாம் வயலின்தான் பேசும்" என்று லத்தீஃபாவின் கைப்பேசியில் ஓடிய பேட்டியில் இசையமைப்பாளர் சொன்னபோது, நான் ஒரு அம்மாவுக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"வயலின் உங்களுக்கு என்னக்கா பாவம் பண்ணுச்சு? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?" என்றாள் லத்தீஃபா.

"மருந்தைக் குடுத்துட்டு மூஞ்சியப் பாருங்கம்மா. இருமி இருமி விலா நோவுது" என்றார் அந்த அம்மா.

மயிலாடுதுறை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் மருந்துக் கடையில் லத்தீஃபாவும் நானும் வேலை பார்க்கிறோம். அவள் கணவர் சார்ஜாவில் இருக்கிறார். எந்தப் படம் எப்போது வருகிறது, யார் இசை, எந்தப் பாட்டு எந்த வெள்ளிக்கிழமை வெளியாகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தத் தவளைப் படத்தைப் பற்றி முதலில் சொன்னதும் அவள்தான். முழு ஆண்டு விடுமுறைக்கு வரப்போகிற கார்ட்டூன் படம். வறண்ட குளத்திலிருந்து ஒரு தவளைக்குட்டி மழையைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான் கதை. முன்னோட்டத்தில் பாட்டே இல்லை. தவளை தாவியது, மழை சொட்டும் சத்தம் கேட்டது. அதைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன். தவளை, மழை, அப்படியென்றால் இசை தாளமாகத்தான் இருக்கும். என் மகளைத் தியேட்டருக்கு அழைத்துப் போகிற முதல் படம் இதுதான்.

அந்தக் கணக்கில்தான் வயலின் வந்து விழுந்தது.

என் மகள் நிறைமதி காது கேட்காமல் பிறந்தவள். அரசாங்கக் காப்பீட்டில் திருச்சியில் ஆபரேஷன் ஆயிற்று. காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு சிறிய ஒயர், ஒயரின் முனையில் பொத்தான் மாதிரி ஒரு வட்டு. தலைக்குள் வைத்திருக்கும் காந்தத்தில் அந்த வட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கேட்கும், எடுத்தால் கேட்காது. ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் அவள் எதற்கும் திரும்பவில்லை. பிறகு ஒருநாள், எங்கள் வயல் வழியாக எரிவாயுக் குழாய் பதிக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் போட்டிருந்த போராட்டப் பந்தலில் யாரோ பறையை எடுத்து அடித்தார்கள். இடுப்பிலிருந்த மதி வெடுக்கென்று திரும்பினாள். அந்த ஓர் அடிக்காகவே அந்தப் பந்தலை நான் கும்பிட்டேன்.

இப்போது பேசுகிறாள், வாயாடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். பாட்டு மட்டும் ஆகாது. தாளம் என்றால் தலையாட்டுவாள். குரல் நீண்டாலோ, குழலோ வயலினோ வந்தாலோ மெஷினைக் கழற்றி வட்டைக் கொண்டுபோய் பீரோக் கதவில் ஒட்டிவிடுவாள். ஜன்னல் கம்பி, சைக்கிள், இரும்புக் கட்டில், எது பக்கத்தில் இருக்கிறதோ அது. "பீரோ கேட்டுக்கட்டும்" என்பாள்.

பேச்சுப் பயிற்சி தரும் சஃபியா மேடம் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். "தாளம் நல்லாப் போய்ச் சேரும்மா. ராகம் நமக்குக் கேக்குற மாதிரி அவங்களுக்குக் கேக்காது. கேக்கக் கேக்கப் பழகலாம். பழகாமலும் போகலாம். அதுக்காகப் புள்ளையப் போட்டுப் படுத்தாதீங்க."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் சஃபியா மேடத்திடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. மதிக்குக் காது கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து நான் வீட்டில் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. கல்லூரி விடுதியில் ரேடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியவள் நான். பாட்டில்லாமல் எனக்குச் சமையல் வராது. ஆனால் அவள் எதிரில் ஒரு பாட்டைப் போட்டு நான் மட்டும் ரசித்தால், பசித்த பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவது போல் இருந்தது. என் கணவர் வீரையனுக்கு அப்படி எதுவும் இல்லை. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், வயலுக்கே கேட்கிற மாதிரி பாட்டு வைத்துக்கொள்வார். என்னால் முடியவில்லை. அவளும் நானும் சேர்ந்து கேட்கிற ஒரே ஓர் இசை வந்துவிட்டால் போதும், அப்புறம் எல்லாவற்றையும் கேட்கலாம் என்று எனக்குள் ஒரு வேண்டுதல் மாதிரி வைத்திருந்தேன். அதைத்தான் அந்தத் தவளையின் தலையில் ஏற்றியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை படத்தின் இசை வெளியானது. கடையில் கூட்டம் இல்லை. லத்தீஃபா இயர்போனின் ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை என் காதிலும் செருகினாள்.

முதல் இசையே வயலின்தான். ஒற்றை வயலின் மெதுவாக ஆரம்பித்து, யோசித்து நின்று, மறுபடியும் நடந்தது. பின்னால் இன்னும் சில வயலின்கள் வந்து சேர்ந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை நாளாயிற்று இப்படி ஒன்று என் உடம்புக்குள் போய்.

"நல்லால்லையாக்கா?"

"நல்லாருக்கு."

"நல்லாருந்தா ஏன் சுண்டக்காய் கடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ரொம்ப நல்லாருக்கு லத்தீஃபா. அதான்."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். மதிக்காகத்தான் என்று புரிந்துகொண்டு அடுத்ததைத் தொட்டாள். அதிலும் வயலின். அதற்கடுத்ததில் குழல். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இல்லாத டானிக் தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனோம். கடைசிக்கு முந்தியதில் அவள் கல்லாவை ஓங்கித் தட்டினாள்.

"வந்துருச்சுக்கா! மழை வந்துருச்சு! கேளுங்க, தப்பு அடிக்கிறான்!"

தப்பேதான், அன்று பந்தலில் அடித்த அதே பறை. முதலில் ஒரு சொட்டு, அப்புறம் இரண்டு, அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டியது.

"ஒண்ணே ஒண்ணுதானே" என்றேன்.

"ஒண்ணு போதாதா? எங்க மச்சான் வருசத்துல ஒரு தடவைதான் வர்றாரு. நான் குடும்பம் நடத்தல?"

அன்று வீட்டுக்குப் போனதும், பழகினால் வரும் என்று சஃபியா மேடம் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மதியை மடியில் உட்காரவைத்து அந்த முதல் வயலினைப் போட்டேன். இரண்டு இழுப்பில் அவள் கை மெஷினுக்குப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு நிமிஷம் கேளுடா தங்கம். தவளைக்குட்டி பாடுது பாரு."

"தவளை பாடல. தகரத்தைத் தேய்க்கிறாங்க."

"இல்லடா, நல்லாக் கேளு."

"கைய விடும்மா."

விட்டேன். அவள் அழவில்லை. மெஷினைக் கழற்றவும் இல்லை. நான் பாட்டை நிறுத்தும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படிக் கேக்குது?" என்றாள்.

இந்தக் கேள்வி வருமென்று நான் நினைத்திருக்கவில்லை. எனக்கு எப்படிக் கேட்கிறது? நல்லாருக்கு என்றால் எப்படி நல்லாருக்கு என்பாள். யோசித்தேன்.

"நம்ம வாய்க்கால்ல மேட்டூர் தண்ணி மொத மொத வருமே, ஞாபகம் இருக்கா? நுரையும் சருகுமா, மெதுவா, தரையை நக்கிக்கிட்டே வரும். நீ கூடவே நடந்து போவியே. அந்த மாதிரி."

"தண்ணி நின்னு நின்னு வருமே. பள்ளத்துல எல்லாம் நிக்கும். அப்புறம் வரும்."

"ஆமா. அப்படித்தான் நின்னு நின்னு வருது."

"சரி" என்று இறங்கிப் போய்விட்டாள். பெரிய விஷயம் ஒன்றைத் தெரிந்துகொண்ட மாதிரியும் இருந்தது, ஒன்றுமே இல்லாத மாதிரியும் இருந்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்த என் விரல்களை மட்டும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்தபோது வீரையன் மெஷினோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார். கடையில் இரண்டு பேரும் ஒன்றாக விடுப்பு எடுக்க முடியாது என்பதால் லத்தீஃபா வரவில்லை. துணைக்கு மாமனார் இராஜாங்கம் கிளம்பினார். வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதியிடம் பேசும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவோம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளாமல் காதால் கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காகச் சஃபியா மேடம் சொல்லிக்கொடுத்த முறை அது. தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம் என்று சொல்லி மெஷின் வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். முதல் நாள் அதைப் பார்த்ததும் மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்கும்மா பயந்து வாயப் பொத்துற?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்கப்பா பண்ணை வீட்டு வாசல்ல கைகட்டி, வாய் பொத்தி நிப்பாரு. நான் கூட நிப்பேன். அந்தக் கையை எடுக்கத்தான் செங்கொடி புடிச்சோம், ஜெயிலுக்குப் போனோம். நீங்க படிச்சவங்க, புள்ளைக்காகச் செய்யிறீங்க, செய்யிங்க. என் கை அங்க போவாதும்மா."

அவர் கை போகவே இல்லை. அதனால் தாத்தாவிடம் மட்டும் மதி கண்ணால்தான் கேட்பாள். அவர் திரும்பிக்கொண்டு பேசினால், தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்புவாள். சஃபியா மேடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "கண்ணாலதான் கேக்கட்டுமே. எங்கிட்ட வர்றது குறையலல்ல?" என்பார் மாமா.

தியேட்டரில் மதி நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மதிக்கு நாற்காலி மடங்குவதே பெரிய வேடிக்கையாக இருந்தது. விளக்குகள் அணைந்தன. கடைசிக்கு முந்திய இசை வரும்வரை இவளை எப்படி உட்காரவைப்பது?

இருட்டில் மாமாவின் குரல் வந்தது. "மதி, முறுக்கு வேணுமா?"

"வேணாம் தாத்தா. பாப்கார்ன்."

"பாப்கார்னா? அது வெறும் காத்துடி."

"எனக்குக் காத்துதான் வேணும்."

மாமா சிரித்தார். நான் சட்டென்று நிமிர்ந்தேன். திரை இன்னும் வெளுக்கவில்லை. அவர் முகமே தெரியாத இருட்டு.

"மாமா, அவ கேட்டுட்டா."

"என்னத்த?"

"உங்களத்தான். காதால."

மாமா சோதித்துப் பார்க்கிற மாதிரி, ரொம்பத் தாழ்ந்த குரலில் "நிறைமதி" என்றார்.

"ம்?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. கூப்பிட்டுப் பாத்தேன்."

படம் ஆரம்பித்தது. வறண்ட குளம், வெடித்த சேறு, ஒரு பிளவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் தவளைக்குட்டி. எனக்குத் தெரிந்த அந்த வயலின் தொடங்கியது. பெரிய தியேட்டரில், நாலா பக்கமும் அது நிறைந்தபோது கடையில் கேட்டது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. மதியின் கை காதுக்குப் போவதைப் பார்த்தேன். இந்த முறை நான் பிடிக்கவில்லை. மெஷினைக் கழற்றினாள். வட்டை எங்கே ஒட்டலாம் என்று தடவித் தேடினாள். முன் நாற்காலியின் இரும்புச் சட்டம் கிடைத்தது. டக்கென்று ஒட்டிக்கொண்டது.

பிறகு என் பக்கம் திரும்பி, மெஷின் இல்லாதபோது பேசுகிற அந்த உரத்த குரலில் சொன்னாள்: "இது உன் தண்ணிதானே? நீ கேளு. மழை வந்தா எனக்குச் சொல்லு."

பக்கத்து வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் அதைக் கேட்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, தவளையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் எந்தக் குறையும் இல்லை. பசித்த பிள்ளையின் முகமே இல்லை அது. வேறு ஒன்றை வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகம்.

நான் கேட்டேன். அவள் தோள் என் கையில் பட்டுக்கொண்டிருக்க, ஒற்றை வயலின் நின்று யோசித்த இடங்களையும், மற்ற வயலின்கள் வந்து சேர்ந்த இடங்களையும் ஒன்றுவிடாமல் கேட்டேன். இடைவேளைக்குப் பிறகும் கேட்டேன். மாமா பாதியில் தூங்கிப்போனார். மதி இரண்டு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள், தண்ணி ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கிற மாதிரி.

கடைசியில் திரை கறுத்து மேகம் திரண்டது. வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நான் அவள் முழங்காலில் ஒரு விரலால் தட்டினேன்.

அவள் அவசரமாகக் குனிந்து, சட்டத்திலிருந்து வட்டைப் பிடுங்கி, மெஷினைக் காதில் மாட்டினாள். வட்டு தலையில் போய் ஒட்டியது. முதல் சொட்டு விழுந்தது.

"தாத்தா, எந்திரிங்க! மழை!" என்று கத்தினாள்.