பை-டூ காபியும் சூடான வடையும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பெங்களூர் பசவனகுடியில், நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு தர்ஷினி ஓட்டலில். பக்கத்து மேசைச் சண்டையை ஒட்டுக்கேட்டேன். அதிலென்ன வெட்கம்?

முதல் வரி: ‘உலகில் இரண்டு வகை போன்கள் உண்டு, அவற்றுள்…’

(சீச்சீ, பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.)

2

நேராகவே சொல்கிறேன். ஸ்பூர்த்தியும் சுமந்தும் கல்லூரித் தோழர்கள். இருவரும் வேலையை விட்டுவிட்டு ஒரு செயலி செய்கிறார்கள். எந்தக் கடையில் இந்த நிமிஷம் வடை எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள் என்று அது சொல்லும். ஆகா, என்ன யோசனை! ஆனால் கையிருப்பு ஒரு வகை போனுக்குச் செயலி செய்யத்தான் காணும். இன்று முடிவாகாவிட்டால் சுமந்த் பழைய வேலைக்கே போய்விடுவான்.

“ஐபோன்காரன்தான்டா காசு குடுத்து வாங்குவான்,” என்றாள் ஸ்பூர்த்தி.

“ஊரே ஆண்ட்ராய்டு வெச்சிருக்கு. வடை திங்கிறது ஊரா, உன் ஐபோன்காரனா?”

“வடை ஆறினாலும் உன் வாய் ஆறாது!”

[இங்கே ஸ்பூர்த்தியின் கண்கள் கலங்கி, அவள் மெல்ல… இல்லை. அவள் அழுகிற ஆளில்லை.]

3

கல்லாவில் பூஜாரி அண்ணா. இவர்களைக் கண்டாலே, கேட்காமலே பை-டூ டோக்கன் கிழிப்பார். ஒரு காபி, இரண்டு தம்ளர்.

“ரெண்டு முழுக் காபி,” என்றான் சுமந்த்.

பூஜாரியின் கை அப்படியே நின்றது. “என்னப்பா மாராயா, சொத்துப் பிரிக்கிறீங்களா?”

“ஆளுக்கொண்ணு குடுங்கண்ணா.”

“அதெல்லாம் என் கல்லாவுல நடக்காது.” பை-டூ டோக்கனையே நீட்டினார்.

4

அவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம்: ஒருவர் ஊற்றினால் மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். சுமந்த் ஊற்றினான். கோபத்தில் கை கோணி, ஒன்றில் குறைந்துவிட்டது. ஸ்பூர்த்தி அதையே எடுத்தாள்.

“ஏய், அதுல கம்மி.”

“தெரிஞ்சுதான் எடுத்தேன். ஆண்ட்ராய்டே பண்ணலாம், போ.”

“அய்யோ, ஐபோனே இருக்கட்டும்னு சொல்லத்தானே வாயெடுத்தேன்!”

“முடியாது. ஆண்ட்ராய்டுதான்.”

“ஐபோன்தான்!”

சண்டை மறுபடி ஆரம்பம், கட்சி மட்டும் மாறிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இதுக்கு முந்தின சண்டையே தேவலை,” என்றார் பூஜாரி.

5

முடிவு அ: பூவா தலையா போட்டு…

முடிவு ஆ: அவள் விட்டுக்கொடுக்க, அவனும்…

(இரண்டிலும் உப்புச் சப்பில்லை.) சுமந்த் பழைய வேலைக்குப் போகமாட்டான். சண்டைக்கு நடுவிலேயே அவன் தம்ளரிலிருந்து அவள் தம்ளருக்குக் காபி போன அழகிலேயே அது தெரிந்துவிட்டது. எந்த போன் என்பதுதான் தெரியவில்லை.

அப்போது இருவரும் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள்.

“இவ்வளவு நேரமா ஒட்டுக்கேட்டீங்களே சார், நீங்களே சொல்லுங்க. உங்க கையில எந்த போன்?”

எடுத்துக் காட்டினேன். பழைய பட்டன் போன்.

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆகவே, வாசகரே, உங்கள் கையில் இருப்பது எது? சீக்கிரம் சொல்லுங்கள். உள்ளே வடை எடுத்துவிட்டார்கள்.