தழைச்சத்துக் கணக்கு

மண்வெட்டியில் நைலான் பை ஒன்று மாட்டி வந்ததும், திராட்சைத் தோட்டத்தில் புதைகுழி வெட்டிக்கொண்டிருந்த இருவரும் தாவி வெளியே வந்துவிட்டார்கள். பின்னாலேயே இன்னும் இரண்டு பைகள் தெரிந்தன. உள்ளே கறுப்பாக ஏதோ பொட்டலம், கழுத்தில் நம்பர் போட்ட தகடு.

“செய்வினைங்கோ! நல்லா இருந்த அண்ணன் பொசுக்குன்னு போனப்பவே நெனச்சேன்!”

சித்தப்பா ராசப்பன் போட்ட கூச்சல், வீட்டில் அப்பா காளிச்சாமியின் தலைமாட்டில் இருந்த புவனாவுக்குக் கேட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவை அவளுடைய பைகள். கம்போஸ்ட் உரம் திராட்சைத் தோட்டத்து மண்ணில் எந்த வேகத்தில் தழைச்சத்தை விடுகிறது என்று கணக்குப் போடுவதுதான் அவள் ஆராய்ச்சி. உரத்தைப் பையில் கட்டிப் புதைத்து, மாதாமாதம் சிலவற்றைத் தோண்டிச் சோதித்து, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற காலேஜ் கம்ப்யூட்டர் அறையில் எண்களை ஏற்ற வேண்டும். மிச்சப் பைகள் அசையாமல் கிடந்தால்தான் பட்டம்.

குழியை முதலில் மேற்கு மூலையில்தான் எடுத்தார்கள். அங்கே பாறை தட்டவே, பொதபொதவென்றிருந்த அவள் பாத்திக்கு வந்துவிட்டார்கள். தெரிந்தும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்பன் செத்துக் கிடக்கையில் குப்பைக்கு வழக்குப் பேசும் மகளை ஊர் வாரித் தூற்றாதா?

“வரப்புத் தகராறுல நீதாண்டா வெச்சுப்போட்டே!” என்று சித்தப்பா யார்மீதோ பாய்வது கேட்டது.

இதற்குமேல் பொறுக்க முடியாது. பெண்கள் குழிப்பக்கம் போகும் வழக்கமில்லை; ஆனாலும் புவனா ஓடினாள். மாலையோடு வந்திருந்த பக்கத்துத் தோட்டத்து வரதராஜுலுவின் சட்டை சித்தப்பாவின் கையில் இருந்தது.

“உடுங்க சித்தப்பா. அது எம்படதுங்க.”

“உம்படதா? பெத்த அப்பனுக்கேவா அம்மணி?”

அவள் விளக்கினாள். சித்தப்பா பையை முகர்ந்து பார்த்தார்.

“குப்பை மக்கறதைப் பாக்கறதுக்கா காலேசு? சரி, இதைக் காலைலயே சொல்றதுக்கென்ன?”

“எப்படிங்க சொல்றது? அப்பாவைவிட எனக்குக் குப்பை பெருசான்னு கேப்பீங்கல்ல?” காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது.

வரதராஜுலு பித்தானைத் தேடியபடி சொன்னார்: “நாலடி தள்ளி வெட்டுங்கப்பா. காளிச்சாமி இருந்திருந்தா இந்தப் பாத்தில கோழிகூட மேயாது. என்ற கோழிய எத்தனை தடவ தொரத்தியிருக்கான்!”

குழி தள்ளிப் போனது. தோண்டிய பைகளைப் பழையபடி புதைத்துவிட்டுத்தான், அங்கேயும் தட்டிய பாறையைக் கடப்பாரையால் குத்தினார்கள். அதுவரை அப்பா பொறுமையாகக் காத்திருந்தார்.

சாயங்காலம் இறக்கினார்கள். புவனாவைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. விபூதி போட்டார்கள். சித்தப்பா, சடங்குக்கு வைத்திருந்த உப்பு மூட்டையை அப்படியே குழிக்குள் கவிழ்த்தார்.

“போதுங்க! உப்புல திராட்சைக் கொடி பட்டுப்போயிரும்!”

சொன்ன பிறகுதான் புவனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தப்பா மட்டும், அண்ணனே அதட்டியதுபோல், குழியைப் பார்த்தார்.

“சரிங்கண்ணா” என்று மூட்டையை நிமிர்த்தினார்.