ரிஜெக்ட் அடுக்கில் வைத்த கதை

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்த்து வாங்குவதில்லை. முகம் தெரியாத நாலு பேர் நட்சத்திரம் போட்டிருந்தால் போதும், செருப்பிலிருந்து சீப்பு வரை வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. புத்தகமும் அப்படித்தான். போனுக்குள் இருக்கிறதாம். அட்டை கிடையாது, வாசனை கிடையாது, கையில் கனம் கிடையாது. வாங்குகிறார்கள், பாதியில் விடுகிறார்கள், அடுத்ததற்குத் தாவுகிறார்கள்.

இந்தக் கதை அந்தக் கோபத்தில் பிறந்தது என்று எழுதினால் கெத்தாக இருக்கும். பொய். ஒரு பொம்பளை எட்டு மாதமாகப் புத்தகத்தைத் தொடவில்லை. அதனால் பிறந்தது.

2

முதல் ஆரம்பம்: 'பாலாற்றங்கரையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்த அந்த...'

வேண்டாம். பாலாறு என்று எழுதினால் தண்ணீர் காட்ட வேண்டிவரும். தண்ணீருக்கு எங்கே போவது?

இரண்டாவது ஆரம்பம்: 'ராமலிங்கம் ஆம்பூர் டேனரியில் முப்பத்தாறு வருடம் தோல் தரம் பிரித்தவன்.' இது நிற்கும்.

(பெயர் மாற்றியது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் கதை எழுதுகிறான் என்று தெருவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். அவன் மனைவி சுந்தரியின் பெயரையும் மாற்றிப் பார்த்தாயிற்று. வேறு பெயர் வைத்தபோது அவள் வாயே திறக்கவில்லை. அதனால் சுந்தரி சுந்தரியாகவே இருக்கிறாள்.)

பதப்படுத்திய தோலை மேஜையில் விரிப்பார்கள். புதிதாக வந்தவன் அதன் முதுகுப் பக்கத்தைத் தடவிப் பார்த்து மயங்குவான். முதுகு எப்போதுமே அழகாகத்தான் இருக்கும். ராமலிங்கத்தின் கை நேரே வயிற்றுப் பக்கம் போகும். உண்ணி கடித்த தழும்பு, கத்திக் கீறல், தளர்ச்சி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பார்த்த கையோடு ஏ, பி, சி, ரிஜெக்ட் என்று நாலு அடுக்கில் வீசிவிடுவான். அவன் வீசியதை முதலாளிகூட எடுத்து மாற்றி வைத்ததில்லை.

3

சுந்தரி வாடகை நூல் நிலையத்துப் புத்தகங்களைத் தின்று வளர்ந்தவள். சோறு போடும்போதே கேட்பாள்.

"கொன்னது யாருன்னு சொல்லு பாக்கலாம்."

"எனக்கின்னா தெரியும்?"

"புருஷன்தான்யா. எப்பவும் புருஷன்தான்."

பிறகு அவளுக்குச் சர்க்கரை கண்ணில் ஏறியது. எழுத்தெல்லாம் எறும்பாக ஓடுகிறது என்றாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அந்த வீட்டில் யார் யாரைக் கொன்றார்கள் என்று எட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. ராமலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜாஸ்மின் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவள்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, அத்த போன்ல படிக்கட்டும். எழுத்த இட்லி சைஸுக்குப் பெருசாக்கலாம்."

"ஏமாத்து வேல."

"மொத பத்து பக்கம் சும்மாவே தர்றான் மாமா."

"சும்மா தர்றவன்கிட்டதான் ஜாஸ்தி உஷாரா இருக்கணும். மொத பத்து பக்கம் முதுகும்மா. வயித்தக் காட்டச் சொல்லு."

ஜாஸ்மின் சிரித்துவிட்டு, முழுப் புத்தகத்தையும் இரவல் தருகிற இடம் ஒன்றைத் திறந்து காட்டினாள். அவன் தரம் பிரித்து வைக்க, போனுக்குள்ளேயே நாலு அடுக்கும் போட்டுக் கொடுத்தாள்.

4

மூன்று வாரம் அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். எந்தப் புத்தகமானாலும் நேராக நடுப்பக்கம். ஒரு ராஜா கத்தியை உருவிவிட்டு நாலு பக்கம் பேசிக்கொண்டிருந்தான்: சி. பேய்க் கதையில் பாதி வந்தும் பேய் வரவில்லை. வேலைக்கு வராத ஆளுக்கு என்ன தரம்? அதுவும் சி. சமையல் புத்தகத்தில் புளி எவ்வளவு என்று இல்லை: பி. பக்திப் புத்தகம் ஒன்றில் ஒரு கீறல்கூட இல்லை: ஏ. செவ்வாய் கிரகத்தில் ஒருத்தி கிணறு வெட்டுகிறாள்: ரிஜெக்ட். இங்கேயே தண்ணீரைக் காணோம்.

போனைச் சுந்தரியிடம் கொடுத்தான். ஏ அடுக்கைத் திறந்தாள், மூடினாள், கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான் என்று நினைத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஏன்யா, செவ்வாய்ல கெணறு வெட்றாளே, நாப்பது அடியில பாற வந்துடுச்சு. இப்ப இன்னா பண்ணுவா சொல்லு பாக்கலாம்."

"அது ரிஜெக்ட்ல இல்ல இருந்துச்சு?"

"அதத்தான் தேடிப் போய்த் தொறந்தேன். நான் மாட்டிட்டுப் போற பை, நீ கழிச்ச தோல்ல தச்சதுதான? இருபத்திரெண்டு வருஷம். வார் அறுந்துச்சா?"

(பை இன்னும் ஆணியில் தொங்குகிறது. அடிப்பக்கம் ஓர் உண்ணித் தழும்பு. தைத்தவன் அதை உள்ளே மடித்து மறைக்கவில்லை.)

5

ரிஜெக்ட் அடுக்கில் இருந்த பதினொன்றையும் தீர்த்துவிட்டாள். இப்போது கொலையைப் பற்றியும் பேசுகிறாள், கிரகங்களைப் பற்றியும் பேசுகிறாள். "இன்னும் கழிச்சுப் போடு" என்கிறாள். அவசரத்துக்கு நல்ல புத்தகம் ஒன்றைத் தூக்கி அந்த அடுக்கில் போட்டான். ரெண்டே பக்கத்தில் பிடித்துவிட்டாள்.

"இது நீ மனசாரக் கழிச்சது இல்ல."

மனசாரக் கழிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். தேடிக் கிடைக்கவில்லை. எழுதினால் என்ன? நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். ராமலிங்கம் நோட்டில் எழுதினான், ஜாஸ்மின் போனில் ஏற்றுகிறாள். ஏற்றிக்கொண்டே, "முடிவு எங்க மாமா?" என்று நச்சரிக்கிறாள்.

முடிவு ஒன்று: சுந்தரி படித்துவிட்டுக் கண் கலங்குகிறாள். அவள் கலங்குகிற ஆள் இல்லை. கோடு போட்டு அடி.

முடிவு இரண்டு: கண் பழையபடி ஆகிவிடுகிறது. வேலூர் டாக்டர் சொன்னது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மட்டும். அவளிடம் பொய் சொல்ல முடியாது. அடி.

முடிவு மூன்று: எழுதியவன் யாரென்று அவள் கண்டுபிடிக்காமலே...

மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

6

இனி வருவது இன்னும் நடக்கவில்லை. போனைக் கொடுத்த பிறகு எழுத முடியாது, அதனால் முன்னாலேயே எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் நான் (அடித்தது) ராமலிங்கம், இதை ரிஜெக்ட் அடுக்கில் வைத்து, எழுத்தை இட்லி அளவுக்குப் பெரிதாக்கி, கட்டிலில் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பான். செருப்பை மாட்டிக்கொள்வான்.

வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் நாலு அடுக்கு இருக்கும். இதைத் தடவிப் பார்த்து எதில் வேண்டுமானாலும் வீசுங்கள், வருத்தமில்லை. ஆனால் உங்களில் ஒருத்தி மட்டும் கடைசி வரி வரை வந்தாளா, நடுவில் மூடினாளா என்பது மத்தியானச் சோற்று வேளையில் தெரிந்துவிடும். தட்டுச் சத்தம் மட்டும் கேட்டால் மூடிவிட்டாள். "அந்தக் கெழவன் இப்ப இன்னா பண்ணுவான் சொல்லு பாக்கலாம்" என்று கேட்டால்...

அந்த வரியை எழுதவில்லை. அது அவளுடையது.

ராமலிங்கம் தெருவில் இறங்குவான். கையில் கனமே இல்லாத ஒன்றைப் புத்தகம் என்று ஒப்புக்கொள்ள அவனால் இன்னும் முடியவில்லை. "வயிறு எங்கன்னே தெரியாத சரக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு, டீக்கடைப் பக்கம் நடப்பான்.