கூட்டிப் போட்ட ஒரு வருடம்

இந்த நாட்டில் பந்தாட வருகிற பிள்ளைகளில் பலருக்கு வயதைக் குறைத்து எழுதிவைப்பார்கள் என்று கேள்வி. எங்கள் வீட்டில்தான் கூட்டி எழுதினோம். அதற்கான தண்டனையைப் பெங்களூரில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த ஓர் அலுவலர் என் தங்கை மகள் லூயிசாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

“எலும்பு டெஸ்ட் பாஸ் சார். பேப்பர் ஃபெயில்.”

இந்தியாவின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கு முகாம். முப்பது பேரில் லூயிசாவும் ஒருத்தி. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்திருந்தார்கள்.

“எலும்பு இன்னா சொல்லுது?” என்றேன்.

“பதினாறு. ஆனா 2009 ஜனவரி ஒண்ணுக்கு அப்புறம் பொறந்திருக்கணும். சர்டிபிகேட்ல 2008 ஆகஸ்டு இருக்கு.”

“அப்போ சர்டிபிகேட்டுதானே பொய்?”

“அப்படி ஆகாது சார். எலும்புல சீல் இல்லையே.”

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் பத்து வயதிலிருந்து பேரம் பேசி வளர்ந்தவன் நான். இன்று அங்கே எனக்கே ஒரு துணிக்கடை. கோபத்தைக் காட்டினால் எதிராளி இறங்கி வரமாட்டான் என்று தெரியும். தெரிந்தும் மேசையைத் தட்டினேன்.

“வயசக் கொறச்சு ஏமாத்தறவனப் புடிக்கத்தானே சார் இந்த மெஷினு? இவ யார ஏமாத்தினா? கூட்டியில்ல போட்டிருக்குது!”

“கொறச்சவங்க மேல புகார் குடுக்க ஃபார்ம் இருக்கு. கூட்டினவங்களுக்கு ஃபார்ம் இல்ல. வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள சரியான சர்டிபிகேட் கொண்டுவாங்க. இல்லாட்டி அடுத்த பொண்ணக் கூப்பிடுவோம்.”

அன்று செவ்வாய்.

திரும்பும் ரயிலில் லூயிசா ஜன்னல் பக்கம் திரும்பியவள் ஊர் வரும்வரை திரும்பவில்லை. அவள் ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் கோச் நளினி சொல்வார். கண்ணைப் பற்றித் தெரியும். சிவப்புப் புடவை வேண்டுமென்று வருகிறவள் முதலில் பச்சையைத்தான் தொட்டுப் பார்ப்பாள். என் பிழைப்பே அந்தக் கண்ணைப் படிப்பதுதான். சாம்பியன் ரீப்ஸ் மைதானத்தில், விழுந்தால் முட்டித்தோல் பெயர்ந்துவிடும் சரளையில், லூயிசா பந்து வருவதற்கு முன்பே ஒரு தரம் தோளுக்குப் பின்னால் பார்ப்பாள். பிறகு வலது பக்கம் பார்ப்பாள். எதிரிப் பெண்கள் இரண்டு பேர் வலது பக்கம் ஓடுவார்கள். பந்து இடது பக்கம் போய்விட்டிருக்கும். அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று நளினியே சொன்னார். பெரியவர்கள் அணிக்கே பதினெட்டில் போய்விடுவாள் என்றும் சொன்னார்.

சர்டிபிகேட்டில் அவளுக்கு இன்னும் சில மாதத்தில் பதினெட்டு. அந்தக் கொசுறும் நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் வேலை என்றால் பெங்களூர் வேலை. தங்கை மரியாவும் அவள் புருஷன் சைலஸும் விடியுமுன் ரயிலேறினால், விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். குழந்தையை யார் பார்ப்பது? சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அதற்கு ஒரு வழி இருந்தது. பள்ளிக்கூடத்தில் போட்டுவிடுவது. சேர்க்க மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ரயிலேறுகிறவர்களின் பிள்ளைகளுக்கு எப்படியும் முடிந்துவிடும். எங்கள் வரிசையில் பாதிக் குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே பிறந்தவை.

2012 ஜூனில் லூயிசாவுக்கு மூன்று முடிய இரண்டு மாதம் பாக்கி. அப்பனும் அம்மாவும் ரயிலில். மாமன் நான் கூட்டிப் போனேன். பிறப்பையும் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. பள்ளியில் கொடுத்த தேதியை வைத்தே பின்னால் கோர்ட்டில் சத்தியம் செய்து சர்டிபிகேட்டும் நானே வாங்கினேன். எல்லாக் கையெழுத்தும் ஏனோக், ஏனோக், ஏனோக்.

புதன்கிழமை பாதிரியாரிடம் ஞானஸ்நானப் புத்தகத்தின் நகலை வாங்கினேன். பிறந்த தேதி 2009 ஆகஸ்டு பத்தொன்பது என்று அதில் தெளிவாக இருந்தது. நளினி அதைப் பெங்களூருக்கு அனுப்பி, அந்த அலுவலரிடம் போனில் கத்தினார். பத்து நிமிடம் கழித்து என் கடைக்கு வந்து, தொங்கவிட்டிருந்த சுடிதார்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

“சர்ச் சீல் செல்லாதாம் சார். நானும் எத்தனையோ பிள்ளைங்களக் கூட்டிக்கினு போயிருக்கேன். மீச வந்தவனெல்லாம் பதினாலுன்னு உள்ள போறான். அவன் பேப்பர் சுத்தமா இருக்குது. இவளுக்கு மட்டும் இன்னா கேடு? யாரு சார் அந்த அறிவாளி, ஒரு வருஷம் கூட்டினது?”

நான் ஒரு சுடிதாரை மடித்தேன். அது ஏற்கனவே மடித்ததுதான்.

வியாழன் காலை தாலுகா அலுவலகம். கோர்ட் உத்தரவில் வாங்கிய சர்டிபிகேட்டைத் திருத்த இன்னொரு கோர்ட் உத்தரவு வேண்டும், ஆறு மாதமாவது ஆகும் என்று ஜன்னலுக்கு உள்ளிருந்து சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜெயகரன் நின்றிருந்தான். புரோக்கர். எந்தக் காகிதமும் அவனிடம் ஒரே நாளில் பிறக்கும்.

“இன்னாண்ணா, பாப்பாவுக்கு வயசு எறங்கணுமாமே?”

“2009 வேணும். நெஜத் தேதிதான்.”

“நெஜமோ பொய்யோ, எனக்கு ஒரே வேலதாண்ணா. நாளைக்கு மத்தியானம் கைல இருக்கும். ஒண்ணு சொல்றேன் கேளு. 2009 எதுக்கு? 2010 போட்டுக்க. எலும்பு கிட்டதட்ட ஒத்துப் போவும். இன்னொரு வருஷம் இதே டீமுல ஆடலாம்.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

“2010ன்னா எந்த மாசம்?” என்றேன். “ஜனவரின்னா சந்தேகப்படுவான். டிசம்பர் போடலாமா? முழுசா ஒரு வருஷத்துக்கு மேல கெடைக்கும்...”

“மறுபடியும் ஒரு வருஷமா, மாமா?”

லூயிசா பின்னால் நின்றிருந்தாள். பயிற்சியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், காலுறையில் செம்மண். ஜெயகரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போன் வந்ததுபோல நழுவினான்.

“அம்மா நேத்து எல்லாத்தையும் சொல்ட்டாங்க. எனக்கு ரெண்டு மாசந்தான் கொறஞ்சுது. ஸ்கூல்ல சேத்துக்கின மிஸ் ஆறு மாசம் கூட்டிக்கலாம்னாங்க. நீதான் முழு வருஷமாப் போடுன்னு சண்ட போட்டு வாங்கின.”

பிறந்ததிலிருந்து என்னை ‘நீங்க’ என்றவள்.

“யாராச்சும் வந்து பாத்தா சந்தேகம் வரக் கூடாதுன்னுதான்டி...”

“ஆறு மாசம் போட்டிருந்தா 2009 பிப்ரவரி. நான் லிஸ்ட்ல இருந்திருப்பேன்! எண்ணிப் பாத்தியா? எல்லாத்தையும் எண்ணுவியே, இத எண்ணினியா?”

எண்ணியிருக்கவில்லை. அன்று ஆறு மாதம் போதும் என்றவரிடம் பன்னிரண்டு மாதம் வாங்கிவிட்டேன் என்று வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்தக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு.

“சரி, 2009ஏ போடச் சொல்றேன். நாளைக்கே கெடைக்கும். நெஜத் தேதிதானே?”

“ஃபோர்ஜரி பண்ணி நெஜமா? நாளைக்கு இன்னொருத்தன் நோண்டினா ஆயுசுக்கும் தட போடுவான். ஒனக்கா போடுவான்? எனக்கு.” ஜெயகரன் போன திசைக்கும் எனக்கும் குறுக்கே வந்து நின்றாள். “கோர்ட்டுக்குப் போ. நான் பொய் சொன்னேன்னு சொல்லு. என் வருஷத்தத் திருப்பிக் குடு.”

“ஆறு மாசம் ஆவும்மா. கேம்ப் போயிடும்.”

“போவுட்டும்! இதோட முடிஞ்சிடுமா? எந்தக் கேம்புக்குப் போனாலும் ஒருத்தன் ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துகினு நான் எப்போ பொறந்தேன்னு எனக்கே சொல்லுவானா?”

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பெங்களூரிலிருந்து அடுத்த பெண்ணுக்குப் போன் போயிருக்கும். நானும் லூயிசாவும் கோர்ட் வளாகத்தில் வக்கீலின் குமாஸ்தா எதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் மனுவை டைப் அடித்துக்கொண்டே கேட்டார்.

“அப்போ கோர்ட்ல குடுத்த தேதி பொய்யி. யாரு குடுத்தது?”

“நான்தான். ஏனோக்.”

“பொய் சத்தியம். ஜட்ஜ் கோவப்பட்டா உள்ள வெக்கலாம், தெரியுமில்ல?”

“தெரியும்.”

“காரணம் இன்னா எழுதட்டும்? அப்பா அம்மா வேலைக்குப் போறாங்க, புள்ளயப் பாத்துக்க ஆளில்ல. அப்படியே எழுதிடறேன், ஜட்ஜ் மனசு எளகும்.”

நல்ல காரணம். பாதி உண்மையும்கூட. வாங்கிக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டப் போனேன்.

“அது ரெண்டு மாசத்துக்குத்தான் காரணம்,” என்றாள் லூயிசா. “மிச்சப் பத்து மாசத்துக்கு இன்னா காரணம்னு அவரையே கேளுங்க.”

குமாஸ்தா விரல்களைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்.

“கெடச்சுது,” என்றேன். “வாங்கினேன்.”

“இத எப்படி சார் மனுவுல எழுதறது?”

“எழுதுங்க,” என்றாள் லூயிசா. “எழுதற வரைக்கும் நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்.”