ஜோவெலினுக்கு முப்பது வயதான கதை

தாலிலோங் சந்தில் தொதோயை ஒரே கோடையில் நான்கு தடவை வயிற்றில் குத்தினார்கள். நான்கு தடவையும் குடல் வெளியே வந்தது. நான்கு தடவையும் மறுநாள் காலை அவன் வழக்கம்போல மீன்கூடை தூக்க வந்துவிட்டான். நவோத்தாஸ் துறைமுகத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே வருடம் நவம்பரில் மறுபடி குத்தியபோது அவன் செத்துப்போனான். அன்றைக்குத்தான் சந்தே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. குத்துப்பட்ட மனிதன் சாவான் என்பது அவர்களுக்கு மறந்தே போயிருந்தது.

இதெல்லாம் ஆறு வருடத்துக்கு முன்னால், சி.டி.க்களை நசுக்கிய வருடத்தில் தொடங்கியது. திருட்டு சி.டி. பிடிக்கிறோம் என்று போலீஸார் சாக்குப்பைகளோடு வந்து, கடை கடையாக அள்ளி, சிற்றாலயத்துக்கு முன்னால் பரப்பி, மேலே ரோடு ரோலரை ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜோவெலின் தும்லாவோ சிஸ்டத்தை எழுப்பும் ஒரே ஒரு சி.டி.யை மட்டும் விடமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு போலீஸ்காரர் லத்தியால் அவள் தாடையில் போட்டார். கடைவாய்ப்பல் இரண்டு போயின, சி.டி.யும் போயிற்று. மழை பெய்து தெருவைக் கழுவும்வரை பிள்ளைகளின் பாதங்களை அந்தச் சில்லுகள் கிழித்துக்கொண்டே இருந்தன.

கம்ப்யூட்டரில் சிஸ்டம் படுத்துவிட்டால் சி.டி. போட்டு எழுப்புவதுதான் வழக்கம். சி.டி. இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் தான் நன்றாக இருந்த நாட்களைத் தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். திரையில் ஒரு காலண்டர் வரும், அதில் அந்த நாட்கள் மட்டும் தடித்துத் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சிஸ்டம் அந்த நாளுக்குத் திரும்பிப் போகும். எழுதி வைத்த கடிதங்களும் படங்களும் அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் பழையதாகும். இன்னொன்றும் உண்டு. திரும்பிப் போவதற்கு முன்னால், அந்த நிமிடம் எந்தக் கோலத்தில் கிடக்கிறதோ அதையும் ஒரு தேதியாகக் குறித்துக்கொள்ளும். பின்னால் ஆள் மனசு மாறிக் கேட்டால் கொடுக்க வேண்டுமே. ஜோவெலின் இந்த வழியில் பிழைக்கக் கற்றுக்கொண்டாள். சந்தின் படுத்துக்கொண்ட ஹார்டு டிஸ்க் வட்டுகளையெல்லாம் தன் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி எழுப்பினாள். அந்தக் கம்ப்யூட்டரைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அவள் கணவன் எல்மர் அதை ஓர் இரும்பு மேஜையோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தான். ஐஸ் ஆலையில் வேலை பார்த்தாலும் வெல்டிங் அவனுக்குக் கை வந்த வேலை.

ஒரு மத்தியானம் அவள் யாருடைய வட்டையோ நேற்றைய தேதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, குத்துப்பட்ட தொதோய் கடைக்குள் ஓடி வந்து மேஜைமேல் குப்புற விழுந்தான். அவன் பெண்டாட்டி தெல்மா பின்னாலேயே வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். திரையில் பச்சைக்கோடு ஓடி முடிந்தது. தொதோய் எழுந்து உட்கார்ந்தான். வயிறு மூடியிருந்தது, சட்டையில் மட்டும் கிழிசல் இருந்தது. தெல்மா அன்று காலைதான் அழகு நிலையத்தில் உட்கார்ந்து சுருட்டிக்கொண்ட முடி கம்பி மாதிரி நேராகிவிட்டது. மேஜையைத் தொட்டவனைத் தொட்டாலும் போதும் என்று அதிலிருந்து தெரிந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு முடிக்காகச் சண்டை போட்டாள்.

"மயிரு போனாப் போவுது, புருஷன் வந்துட்டான் இல்ல?" என்றாள் ஜோவெலின்.

"இவன் நாளைக்கும் வருவான் அக்கா. சுருட்டை வருமா?"

அதற்குப் பிறகு கடையில் கம்ப்யூட்டர்கள் குறைந்து மனிதர்கள் பெருகினார்கள். வாங்கும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். மூச்சு இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மின்சாரம் போன பெட்டியை எழுப்ப முடியாதல்லவா. சாவு இல்லை என்று ஆனதும் கத்தி மலிந்துவிட்டது. முன்பெல்லாம் கெட்ட வார்த்தையோடு முடிந்த சண்டைகள் இப்போது ஐஸ் குத்தும் ஊசியோடு முடிந்தன. சேவல் சண்டையில் தோற்றவன் ஜெயித்தவனைக் குத்தினான், ஜெயித்தவன் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்து தோற்றவனைக் குத்தினான், பிறகு இருவரும் சேர்ந்து பொரித்த பன்றித் தோல் தின்றார்கள். ஆனால் வலி மட்டும் கடிதங்களைப்போல, படங்களைப்போல, அழியாமல் உள்ளே தங்கியது. வடு ஒன்றுமில்லாத ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சிலர் தூக்கத்தில் கத்தினார்கள், அந்தக் கத்தல் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எரிச்சல் மூட்ட, அதற்கும் ஒரு குத்து விழுந்தது.

இதில் அதிகம் லாபம் பார்த்தவன் பானோங், அவன் அடியாட்களை யாராலும் வெட்டி ஒழிக்க முடியவில்லை. துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு கூடைக்கும் அவனுக்குப் பங்கு உண்டு. அங்கே மீன் ஏலத்தைக் கூவ மாட்டார்கள். வாங்குபவர் விற்பவரின் காதில் விலையை முணுமுணுப்பார், அடுத்தவருக்குக் கேட்காது. காதில் சொல்வதெல்லாம் பொய் என்று தெரிந்துகொண்டுதான் பானோங் பெரிய ஆளானான். மீன்காரி "இது நல்லா இருக்கு அண்ணே, எடுங்க" என்று மேலே இருப்பதைக் காட்டினால், அவன் கூடைக்குள் முழங்கை வரை விட்டு அடியில் இருப்பதைத்தான் உருவுவான். காசு கொடுக்காத மீனுக்கும் அந்தச் சந்தேகத்தை அவன் விட்டதில்லை.

ஜோவெலினுக்கு ஆறு வருடமாக இருபத்தொன்பது வயதாகவே இருந்தது. பொத்தானை அமுக்குகிறவள் அவள், மேஜையை முதலில் தொடுகிறவளும் அவள். ஒவ்வொரு குத்துக்கும் குத்துப்பட்டவன் நேற்றைக்குப் போனான், கூடவே அவளும் போனாள். பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அவளுக்கு வேண்டியது அழகில்லை, ஒரு குழந்தை. ஒவ்வொரு மே மாதமும் எல்மரும் அவளும் ஓபாந்தோ ஆலயத்துக்குப் போய்ப் பிள்ளை வரம் தரும் புனித கிளாராவுக்கு முட்டை வைத்து, ஊர்வலத்தில் இடுப்பொடிய ஆடிவிட்டு வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்டில் புனித ரோக்கு திருவிழா முடிந்த வாரம் சுகாதார நிலையத்து நர்ஸ் அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எப்படிடி தங்கும்? வெளிய வருஷம் ஓடுது, உன் உடம்புக்குள்ள இன்னும் அதே செவ்வாய்க்கிழமைதான் இருக்கு."

அன்றே ஜோவெலின் கம்ப்யூட்டரை அணைத்து ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். கடைசியாக அது வேலை பார்த்தது திருவிழா அன்று சாயங்காலம். எதிர்த்துறை ஆட்கள் வெட்டுக்கத்தியோடு புகுந்து பானோங்கையும் அவன் ஆட்கள் நால்வரையும் கிழித்துப் போட்டிருந்தார்கள். ஐந்து பேரையும் மேஜையில் அடுக்கி அன்று காலைக்கு அனுப்பி வைத்தாள். ராத்திரி அவர்களே ஆலயத்து ஊர்வலத்தில் புனிதரின் சுரூபத்தைத் தோளில் தூக்கினார்கள். அந்தத் தேதியோடு கடை மூடியது. இரண்டு மாதத்தில் அவளுக்குக் காலையில் குமட்டியது. ஜோவெலின் குமட்டலுக்கு நடுவே சிரித்தாள், எல்மர் ஐஸ் கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே அழுதான்.

கடை மூடியது தெரிந்தும் கத்திகள் மூடவில்லை. பழகிய கை சும்மா இருக்குமா? நவம்பரில், கரோக்கே மைக்கை யார் முதலில் பிடிப்பது என்ற தகராறில் பானோங்கின் வலது கையான டிகோய் தொதோயைக் குத்தினான். தொதோய் பழக்கமான பாதையில் வயிற்றைப் பிடித்தபடி நடந்து வந்து கதவைத் தட்டினான்.

"அக்கா, ஒரே ஒரு தடவை. நேத்துக்குக்கூட வேணாம். எப்பன்னாலும் சரி."

ஜோவெலின் உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது. அவன் வெளியே முனகுவது நின்றபோதும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தெல்மா எறிந்த முதல் கல் சன்னலை உடைத்தது, பிறகு சந்தே கல்லெறிந்தது. பொத்தானை வேறு யாராவது அமுக்கினாலும் வேலை நடக்குமோ என்பது அப்போது அவளுக்குத் தோன்றவேயில்லை, சந்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. அவள் கைராசி என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதை எண்ணி அவள் பின்னால் எத்தனையோ நாள் சுவரில் தலையை மோதிக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஒரு காலை, மீன் ஏலத்தில் தெல்மா விலை சொல்வதுபோலக் குனிந்து பானோங்கின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். விலை எதுவும் சொல்லவில்லை. ஐஸ் ஊசியை அவன் விலாவுக்குக் கீழே கைப்பிடி வரை இறக்கினாள், உருவி மறுபடி இறக்கினாள். அவளைப் பிடித்துத் தூணில் கட்டிவிட்டு, டிகோயும் மற்ற மூவரும் பானோங்கைத் தூக்கிக்கொண்டு ஜோவெலினின் கதவை உதைத்துத் திறந்தார்கள். வரும் வழியிலேயே ஐஸ் ஆலையில் இருந்து எல்மரையும் இழுத்து வந்திருந்தார்கள். அவன் முகத்தில் குத்தியதில் முன்பல் ஒன்று தெறித்திருந்தது. பானோங்கை மேஜைமேல் கிடத்தினார்கள். டிகோய் ஒரு கையால் பானோங்கைத் தாங்கிக்கொண்டு மறு கையால் எல்மரின் கழுத்தை வளைத்துக் கத்தியை வைத்தான்.

"வாடி, கையை வை. ரெண்டு நிமிஷ வேலை."

"முடியாது. ஆறு மாசம் ஆச்சு. தொட்டா கரைஞ்சிடும்."

"புள்ள இன்னொண்ணு பெத்துக்கலாம். புருஷன் இன்னொருத்தன் வேணுமா?" என்று கேட்டு டிகோய் கத்தியைக் கொஞ்சம் இழுத்தான். எல்மரின் சட்டைக் கழுத்துப் பட்டை சிவந்தது.

 தொதோய் வாசலில் கிடந்தபோது தோன்றாதது ஜோவெலினுக்கு இப்போது தோன்றியது. "நான் எதுக்கு? அண்ணனே அமுக்கட்டும். எதை அமுக்கணும்னு நான் சொல்றேன்" என்றாள். ஒயரை மாட்டினார்கள். அவள் சொல்லச் சொல்ல பானோங் ரத்தம் வழுக்கும் விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினான். நால்வரும் அவனை விழாமல் தாங்கிக்கொண்டார்கள். காலண்டர் வந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. கடைசித் தடித்த தேதி திருவிழா. அதன்கீழ் நேரம் போடாத இரண்டு வரிகள் இருந்தன, எது எது என்று அவளுக்கு மட்டுமே தெரியும். மேலே இருந்தது காலை: ஐந்து பேரும் குளித்துத் தலை வாரி நின்ற நேரம். கீழே இருந்தது சாயங்காலம்: ஐந்து பேரும் இதே மேஜையில் கிழிந்து கிடந்த நேரம்.

"எதுடி? காதுல சொல்லு" என்றான் பானோங். தன் ஆட்களுக்கும் தெரியக் கூடாது என்று அவனுக்கு.

ஜோவெலின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். வயிறு மேஜையில் பட்டுவிடாமல் இடுப்பைப் பின்னால் தள்ளி, கழுத்தை மட்டும் நீட்டி, அவன் காதோடு சொன்னாள்.

"மேல இருக்கறது அண்ணே. அதுதான் நல்லது."

அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. அவன் என்ன செய்வான் என்று தெரிந்துதான் சொன்னாள். அவள் இரண்டடி பின்வாங்கிக் கதவோரம் போய் நின்றாள். பானோங் அவள் முகத்தைப் பார்த்தான். அத்தனை ரத்தத்திலும் சிரித்தான். "மீன்காரி புத்தி" என்று சொல்லிவிட்டுக் கீழே இருந்ததை அமுக்கினான்.

பச்சைக்கோடு ஓடி முடிந்தது. பானோங்கின் விலாவில் ஊசி இறங்கிய இரண்டு துளைகளும் மூடிக்கொண்டன, உடனே தொப்புளிலிருந்து மார்பு வரை அவன் திறந்துகொண்டான். டிகோயின் தொண்டை திறந்தது. மற்றவர்களில் ஒருவனுக்குத் தோள் பிளந்தது, இருவருக்குக் குடல் மடியில் விழுந்தது. திருவிழா அன்றைக்கு யாருக்கு எது எங்கே இருந்ததோ அது அங்கே வந்து சேர்ந்தது, ஒரு விரற்கடை பிசகவில்லை. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, "அமுக்குடி, அமுக்குடி" என்று குழறினார்கள். விசைப்பலகையில் தேங்கிய ரத்தம் உள்ளே இறங்கித் திரை அணைந்தது. டிகோயின் பிடியில் இருந்ததால் எல்மரும் திருவிழா சாயங்காலத்துக்குப் போய்விட்டான். அன்றைக்கு அவனுக்குக் காயமில்லை, தலைகால் தெரியாத போதை மட்டும்தான். கழுத்துக் கீறல் மறைந்து, தெறித்த பல் திரும்ப முளைத்து, அவன் பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்து உரக்கப் பாடினான். ஜோவெலின் கதவோரத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஓர் உதை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அவள் கத்தி அழுதாள், அதில் தொதோய்க்கான அழுகையும் இருந்தது.

போலீஸார் வந்தார்கள். ஐவரும் வெட்டுக்கத்தியால் கிழிக்கப்பட்டிருப்பதாகவும், பானோங்கின் உடம்பில் ஐஸ் ஊசி பட்ட அடையாளமே இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். ஆகவே தெல்மாவைத் தூணிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். அவள் நேராகக் கடைக்கு வந்து, வாளியும் துடைப்பமும் எடுத்துத் தரையைக் கழுவினாள். மேஜையை எல்மர் போதை தெளிந்ததும் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டான். சந்தில் அடுத்த இரண்டு சண்டைகளில் இரண்டு பேர் செத்தார்கள். அதன்பின் கத்தியை எடுக்கும் முன்பு ஆட்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. அந்த டிசம்பரில் ஜோவெலினுக்கு முப்பது வயது முடிந்தது. ஆயுசு நீளட்டும் என்று வழக்கப்படி நீள நூடுல்ஸ் சமைத்துச் சந்து முழுக்கக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வயது ஒழுங்காக வருடத்துக்கு ஒன்று ஏறியது. சில வருடம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், தெல்மா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏய், நரை ஒண்ணு வந்திருச்சு. புடுங்கட்டுமா?"

"கையை எடுடி. அது இருக்கட்டும்" என்றாள் ஜோவெலின்.