இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே

மாமியாரும் மருமகனும் கடலோரமாக நடக்கப் போகிறார்கள் என்றாலே கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அதிலும் ஆளுக்கொரு முனையிலிருந்து எதிரெதிரே நடந்து வந்து, நடுவில் சந்தித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி ஆளுக்கொரு திசையில் போகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். துணி திருத்தும் கடையில் மாமியாருக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரிக்கு இது கடைசிவரை செரிக்கவில்லை.

"ஏன்க்கா, சண்டைக்காரங்க கூட ஒரே பஸ்ல போவாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தா சீட்டு கடிச்சிடுமா?"

"உன் வேலையப் பாருடி. ஊசியில நூல் இல்லாமலே மிதிச்சிட்டு இருக்கே."

அந்த நடைகளையெல்லாம் தேடிக் கண்டுபிடித்தவள் அவளுடைய மகள். வண்டி வாகனம் இல்லாத குடும்பம். ஆனால் மகளுக்கு ஒரு கொள்கை உண்டு. தொடங்குகிற இடத்தில் ஒரு பஸ் நிறுத்தம், முடிகிற இடத்தில் இன்னொரு பஸ் நிறுத்தம், பக்கத்தில் கடல்; அது இருந்தால் போதும், சொந்த வண்டி வைத்திருப்பவனுக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை என்பாள். அவன் வந்த வழியே திரும்பி வண்டியிடம் வந்தாக வேண்டுமே. மூவரும் போகும்போது முன்னால் கணவன், பின்னால் அம்மா, நடுவில் அவள். இருவரையும் மாறிமாறிக் கேலி செய்ய அந்த இடம்தான் அவளுக்குத் தோதாக இருந்தது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் இவர்கள் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். முன்னால் அவர், பின்னால் இவள், நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. அவர் மெதுவாக நடந்தால் இவள் இன்னும் மெதுவாக நடந்தாள். அந்த இடத்தில் போய்க் கால் வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் அவர்தான் மென்று முழுங்கிச் சொன்னார்: "அத்தை, அடுத்த தடவை நான் தெற்கால இருந்து வர்றேன். உங்க வீடு வடக்கதானே, நீங்க அந்தப் பக்கம் இறங்கி வாங்க. நடுவுல பார்த்துக்கலாம்."

அப்படித்தான் அது வழக்கமானது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்றின் மேலே போகும் பாதையில், கூரை இடிந்த காவல் கொட்டகையில் சந்திப்பு. அவர் ரொட்டியும் முட்டையும் கொண்டுவருவார், இவள் பழமும் ஃபிளாஸ்க்கில் டீயும். அவர் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறவர். யார் வீட்டுப் பெட்டிக்குள் என்ன அழுகிக் கிடந்தது என்று கதை கதையாகச் சொல்வார். பிறகு மெல்ல அவளைப் பற்றிய பேச்சு வரும். மகள் எப்படித் தும்முவாள், கோபம் வந்தால் எந்தப் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள் என்பதெல்லாம் தெரிந்த இன்னொரு ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

இந்த மாதம் அவர் போனில், "அத்தை, ஒரு விஷயம் பேசணும். நேர்ல சொல்றேன்" என்றார்.

என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு அவரைப் பார்த்ததாகக் காஜாக்காரி ஏற்கெனவே காதில் போட்டிருந்தாள். "நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்குங்கக்கா" என்று யோசனையும் சொல்லியிருந்தாள். போன் வந்த அன்று ராத்திரி அவள் அழுதாள். பிறகு யோசித்தாள். அந்த மனுஷன் தன் முன்னால் தலை குனிந்து நிற்கக் கூடாது. அவர் வாயைத் திறக்கும் முன்பே, "கல்யாணம் பண்ணிக்கோங்க மாப்ளே" என்று தானே சொல்லிவிட வேண்டும். கூடவே இன்னொன்று: "ஆனா மாசம் ஒரு தடவை வந்துடுங்க." முதலாவது அவருக்காக. இரண்டாவது தனக்காக. தைக்கிற துணியைப் பார்த்தபடி இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பழகினாள். இரண்டாவதில் மட்டும் ஒவ்வொரு முறையும் குரல் இடறியது.

ஞாயிற்றுக்கிழமை வடக்கு நிறுத்தத்தில் இறங்கினாள். பாதை அங்கேயே இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதை மணலோடு போகும், அலை இறங்கியிருந்தால் சுகமான நடை. மேல்பாதை ஏற்றம். போன மாதத்திலிருந்தே அவளுக்கு முழங்கால் சரியில்லை. கீழே போகலாமா என்று ஒரு கணம் நின்றாள். ஆனால் மணல் மகளுக்குப் பிடித்த வழி. அவள் போனபிறகு அவர் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. கொட்டகையில் வந்து காத்திருப்பாரே என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். போனை வழக்கம்போல அணைத்துப் பையின் அடியில் போட்டிருந்தாள். குன்றின் மேல் சிக்னல் கிடையாது, எப்படியும் அது செத்த போன்தான்.

கொட்டகையில் அவர் இல்லை. டீயை ஊற்றாமல் காத்திருந்தாள். பிறகு குன்றின் விளிம்பில் போய் நின்று தெற்கே பார்த்தாள். மேல்பாதையில் ஈ காக்கை இல்லை. கீழே மணலில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவன், ஒருத்தி; அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியவில்லை. யாரோ புதுசாகக் கல்யாணமானவர்கள் போலிருக்கிறது என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கையை ஆட்டினான். கூட வந்தவளிடம் ஏதோ காட்டுகிறான் என்று நினைத்து மறுபடி பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தபின் தனியாகவே தெற்கே நடந்து, அவருடைய நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்து போனைப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் அடித்தது.

"அத்தை."

"மாப்ளே, எங்க இருக்கீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நான் உங்க ஸ்டாப்ல இருக்கேன். காலைல இருந்து கூப்பிட்டேன். உங்களுக்குக் கால் வலிக்குமே, கீழ்வழியா வாங்கன்னு சொல்றதுக்கு. உங்க போன் அணைஞ்சே கிடந்துச்சு. எப்படியும் கீழதான் வருவீங்கன்னு நாங்க அந்த வழியாவே வந்துட்டோம்."

நாங்க. அவள் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவங்களையும் கூட்டிட்டு வந்தேன் அத்தை. உங்ககிட்ட காட்டணும்னுதான். பரவால்ல. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நான்தான் யோசிச்சிருக்கணும்."

"என்ன கஷ்டம்? நான் உங்களைப் பார்க்கவே இல்லையே."



"மேல நின்னு எங்களையே பார்த்துட்டு இருந்தீங்க அத்தை. நான் கை ஆட்டினேன். நீங்க திரும்பிக்கிட்டீங்க."

"ஐயோ, அது நீங்களா? நான் தனியா வர்ற ஆளைத் தேடிட்டு நின்னேன் மாப்ளே."

உண்மையைத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது குத்திக்காட்டுகிற மாதிரி காதில் விழுந்தது. அவருக்கும் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும்.

"புரியுது அத்தை. மாசாமாசம் நாங்க ரெண்டு பேருமே வரலாம்னு பேசிக்கிட்டுதான் வந்தோம். அவங்களே கேட்டாங்க, நானும் வரலாமான்னு. அது சரிப்பட்டு வராதுன்னு தெரியுது. விடுங்க."

"அப்படியெல்லாம் இல்ல. கல்யாணம் பண்ணிக்கோங்க மாப்ளே. நல்லபடியா பண்ணிக்கோங்க."

பழகிய முதல் வாக்கியம் சுலபமாக வந்துவிட்டது. அடுத்தது வரவில்லை. அதை நேரில், முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் பழகியிருந்தாள்.

"அத்தை, இங்க பஸ் வருது. அனுப்பிட்டு நிக்கட்டுமா? உங்க பஸ் இந்த வழியாத்தானே வரும். ஒரு எட்டு பார்த்துட்டே போறோம்."

நில்லுங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதை விட்டால் தெற்கே போக வேறு பஸ் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். நாளெல்லாம் நடந்த பெண்ணை இருட்டில் ரோட்டோரம் நிற்க வைப்பதா? பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"வேண்டாம் மாப்ளே. எனக்காக நிக்க வேண்டாம். ஏறிடுங்க."

"சரிங்க அத்தை" என்றார் அவர். வைக்கும்போது வழக்கமாகக் கேட்கிற, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க" வரவில்லை.

அவளுடைய பஸ்ஸும் வந்தது. பாலத்துக்கு முன்னால் ரோடு குறுகும் இடத்தில் எதிரே தெற்கே போகும் பஸ் வந்து ஒட்டி நின்றது. டிரைவர்கள் இருவரும் தலையை வெளியே நீட்டினார்கள்.

"என்னய்யா, கூட்டமே இல்லாம காத்த ஏத்திட்டு வர்றே?"

"நீ மட்டும் என்னவாம், முன்சீட்டுல நாலு பேரு."

அவளுக்கு நேர் எதிர் ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் செருப்பு; குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால் அவர். இந்தப் பக்கம் திரும்பாமல், மடிமேல் கிடந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் பிரிக்கப்படவில்லை. கையெட்டும் தூரம்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். 'மாப்ளே' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது. அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு, நாலு பேர் காதில் விழ, அப்படிக் கூப்பிட இனி அவளுக்கு என்ன உரிமை? அவரை அப்படிக் கூப்பிட இன்னொரு வீட்டில் இந்தப் பெண்ணைப் பெற்றவள் இருப்பாளே. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தேடினாள். இத்தனை வருஷத்தில் அவரை வேறு எப்படியும் அவள் கூப்பிட்டதில்லை.

தேடி முடிப்பதற்குள் அந்தப் பஸ் நகர்ந்துவிட்டது.